கிராம்பு எண்ணெயும் அத்தையின் மாத்திரையும்

2021 மாசி மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் அத்தையிடமிருந்து போன் வந்தது.

“மக்களே, நீ சொன்ன எண்ணெயப் போட்டேன். தீய அள்ளி வச்ச மாதிரி எரியுது. தண்ணி ஊத்தியும் அடங்கல.”

எந்த எண்ணெய், எங்கே போட்டார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கிராம்பு எண்ணெய். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பத்துச் சொட்டு கலந்து, பஞ்சில் நனைத்துப் பிறப்புறுப்பில் வைத்திருக்கிறார். ஆறு மாதமாக அங்கே அரிப்பு, வெள்ளைப்படுதல். மருந்துக் கடையில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை, 150 மில்லிகிராம் மாத்திரையாக, வாங்கிப் போட்டால் நாலைந்து நாள் அடங்கும், அப்புறம் மறுபடி வரும். அத்தைக்கு அப்போது 58 வயது. என் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, “காலேஜ்ல என்னதான் ஆராய்ச்சி பண்ணின?” என்று அத்தை கேட்டார். நானும் உற்சாகமாகச் சொன்னேன். “பூஞ்சைக் கிருமிக்கு மாத்திரையோட கிராம்பு எண்ணெயையும் சேர்த்தா மாத்திரை எட்டில் ஒரு பங்கு போதும் அத்தே. நானே செஞ்சு பார்த்தேன்.” சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ‘ஒரு பிளாஸ்டிக் தட்டில்’ என்ற மூன்று சொற்களை மட்டும் சொல்லாமல் விட்டேன். அத்தை ஏன் அவ்வளவு கூர்ந்து கேட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

நான் விட்ட அந்த மூன்று சொற்களை விரித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

முதலில் கிருமி. கேண்டிடா ஈஸ்ட் வகைப் பூஞ்சை. ஒற்றைச் செல்லாக இருந்து மொட்டுவிட்டுப் பெருகும். நம் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் குடியிருக்கும். நம் உடம்பு தளரும்போதோ, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு மற்ற நுண்ணுயிர்கள் குறையும்போதோ, சர்க்கரை ஏறும்போதோ எண்ணிக்கை பெருகித் தொற்றாகிறது. கைக்குழந்தையின் நாக்கில் தயிர்த் திட்டு போலப் படியுமே, பாட்டிகள் அக்கரம் என்பார்களே, அது பெரும்பாலும் கேண்டிடாதான். ஊதா மருந்து தடவி, வாயெல்லாம் நாவல்பழம் தின்ற நிறத்தில் குழந்தைகள் திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெண்களில் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த ஈஸ்ட் தொற்று வருகிறது. ஒரு சிலருக்கு வருடத்தில் மூன்று, நான்கு தடவை திரும்பத் திரும்ப வரும். இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை வெளியில் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறோம். அத்தை ஆறு மாதம் தனியாகப் பட்ட அவதியில் பாதி, கிருமியால் வந்தது. மீதிப் பாதி இந்த வாய்மூடலால் வந்தது.

பூஞ்சையைக் கொல்வது பாக்டீரியாவைக் கொல்வதைவிடக் கடினம். பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து ரொம்ப வேறுபட்டது, அடிப்பதற்கு இடம் நிறைய உண்டு. ஈஸ்ட்டின் செல்லோ அமைப்பில் நமக்கு உறவுக்காரன். உட்கரு இருக்கிறது, புரதம் செய்கிற முறையும் கிட்டத்தட்ட ஒன்று. அதற்கு வலிக்கிற மாதிரி அடித்தால் நமக்கும் வலிக்கும். நல்லவேளையாக ஒரு வித்தியாசம் உண்டு. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால், பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால். இன்று கையில் இருக்கும் பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

அவற்றில் நிஸ்டாடின் கதையை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண் விஞ்ஞானிகள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் ஆல்பனியில். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தபாலில் அனுப்புவார், பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வெர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பண்ணையில் எடுத்த மண்ணிலிருந்து 1950இல் நிஸ்டாடின் கிடைத்தது. மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். உரிமத் தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

நிஸ்டாடினும் ஆம்போடெரிசின்-பியும் எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சவ்வைக் கெடுப்பவை. ஃப்ளூகோனசோல் வேறு வழி. எர்கோஸ்டிராலைச் செய்கிற நொதி ஒன்றை அடைத்துவிடும். அதனால் செல் சாகாது, பெருகாமல் நிற்கும். சாகாமல் நிற்கிற கிருமிக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கிறது. அந்த நொதியின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், அல்லது அதிகமாகச் செய்துகொள்ளும். இன்னொரு வழி, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்ப்புகளைச் சவ்வில் கூட்டிக்கொள்வது.

எங்கள் குமரிக் கடற்கரையில் பழைய வள்ளங்களில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். வள்ளத்துக்குள் தண்ணீர் வரும், ஒருவர் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பார். வருகிற வேகத்துக்கு இறைத்தால் வள்ளம் மிதக்கும். மருந்து எதிர்ப்பு பெற்ற கேண்டிடா அப்படி இறைத்துக்கொண்டு மிதக்கிற வள்ளம். தாவர எண்ணெய்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு போன்றவை கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள். சவ்வுக்குள் நுழைந்து அதைத் தளர்த்துகின்றன, எர்கோஸ்டிராலைக் குறைக்கின்றன. சில பொருட்கள் பம்ப்புகளையும் மந்தமாக்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டையைப் பெரிதாக்கி, இறைக்கிறவரின் கையையும் பிடித்துக்கொண்டால் வள்ளம் எத்தனை நேரம் மிதக்கும்?

நான் கிராம்பை எடுத்ததற்குக் காரணம் ஊர்தான். கிராம்பு மரம் இந்தியாவுக்கு வந்த இடம் குற்றாலம். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில் முதலில் நட்டார்கள். பிறகு தெற்கே எங்கள் மலைகளுக்கு வந்தது. மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ விரிவதற்கு முன், மொட்டு இளஞ்சிவப்பாகும் பருவத்தில் ஏணி வைத்துக் கையால் பறிப்பார்கள். பாயில் நாலைந்து நாள் வெயிலில் கிடந்து காயும்போது அந்தத் தெருவே மணக்கும். காய்ந்த மொட்டில் எடைக்குப் பதினைந்து முதல் இருபது சதவீதம் வரை எண்ணெய் இருக்கிறது. அதில் பெரும்பகுதி யூஜினால்.

கல்லூரி ஆய்வகத்தில் மொட்டைப் பொடித்துத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து எண்ணெய் பிடித்தேன். முதல் நாள் கண்ணாடிக் குழாயில் எண்ணெயைத் தேடித் தேடிக் காணவில்லை. மேலே மிதக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது அடியில் கிடந்தது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். வெளிர் மஞ்சளாக, தேன் துளி போல் இறங்கி உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து ஒரு குப்பிக்கு மாற்றும்போது ஒரு சொட்டு சோதனைத் தட்டின் மூடியில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் பால் போல் மங்கியிருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்றிருந்தது. அந்த மூடியை அத்தைக்கு ஒரு தடவை காட்டியிருந்தால் போதும் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது அந்தத் தட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள். இடமிருந்து வலமாக ஃப்ளூகோனசோல் ஒவ்வொரு பத்திக்கும் இரட்டிப்பாகும். கீழிருந்து மேலாக எண்ணெய் ஒவ்வொரு வரிசைக்கும் இரட்டிப்பாகும். ஆகவே எந்த இரண்டு குழியிலும் ஒரே கலவை இருக்காது. சதுரங்கப் பலகை போல இருப்பதால் செக்கர்போர்டு முறை என்று பெயர். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஈஸ்ட்டை விட்டு, 35 டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். அப்புறம் ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்ப்பேன். உயிருள்ள செல் இருந்தால் சாயம் இளஞ்சிவப்பாகும். வளர்ச்சி தடுக்கப்பட்ட குழி நீலமாகவே நிற்கும்.

சொல்வதற்கு எளிது. எண்ணெய் தண்ணீரில் கரையாது, அதைக் கரைக்கச் சேர்க்கும் திரவமே கிருமியைக் கொல்லுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் ஓம எண்ணெயில்தான் ஆரம்பித்தேன். எந்த மருந்தும் போடாத குழிகளில்கூட ஈஸ்ட் சரியாக வளரவில்லை. ஒரு வாரம் காரணம் தெரியாமல் தவித்தேன். என் வழிகாட்டி வந்து தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “எல்லாக் குழியும் ஓமமா மணக்குதேம்மா” என்றார். ஆவி பக்கத்துக் குழிகளுக்குப் போயிருக்கிறது. அதன்பிறகு குழிகளுக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, அதிக அளவு எண்ணெய் உள்ளவற்றைத் தனித் தட்டில் வைத்தேன். இந்தத் துறையில் வந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இன்றும் நான் முதலில் தேடுவது, ஆவியை என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

கடைசியில் கிராம்புத் தட்டு வந்தது. வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த, மருந்துக்கு அடங்காத கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற இனம். தனியாக ஃப்ளூகோனசோல் போட்டால் மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. தனியாக எண்ணெய் போட்டால் 500. இரண்டையும் சேர்த்த குழிகளில், ஃப்ளூகோனசோல் 8, எண்ணெய் 62.5 இருந்த இடத்திலேயே நீலம் நின்றது. காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் அந்தத் தட்டைத் தூக்கிப் பிடித்தது கண்ணுக்குள் இருக்கிறது. வலது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் மட்டும் இருக்க வேண்டிய நீலம், இளஞ்சிவப்பை உள்ளே தள்ளிக்கொண்டு மூலையை நோக்கி இறங்கியிருந்தது.

கணக்கு இப்படி. 64இல் 8 என்பது எட்டில் ஒரு பங்கு, 0.125. 500இல் 62.5 என்பதும் 0.125. இரண்டையும் கூட்டினால் 0.25. இந்தக் கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று எடுத்துக்கொள்வார்கள். 4க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. நடுவில் இருந்தால் குறிப்பிடத்தக்க உறவு இல்லை. 0.25 பார்த்த சந்தோஷத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

நான் கண்டது புதிதும் அல்ல. தைம் எண்ணெய் ஆம்போடெரிசின்-பியின் வேகத்தைக் கூட்டுகிறது என்று பிரான்சில் 2004இலேயே எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் ஆரிகனோ, ஜெரேனியம் எண்ணெய்களை நிஸ்டாடினோடு சேர்த்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. நம் நாட்டில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் யூஜினால், சின்னமால்டிஹைடு போன்றவற்றை ஃப்ளூகோனசோலோடு சேர்த்து, கேண்டிடா பசைப்படலமாகப் படிந்திருக்கும்போதுகூட வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். பல்செட்டிலும் மருத்துவக் குழாய்களிலும் கிருமி அப்படித்தான் படிந்து கிடக்கும் என்பதால் அது எனக்கு முக்கியமான வேலையாகப் படுகிறது.

எல்லா ஜோடியும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எர்கோஸ்டிராலைக் குறைக்கிற ஒன்றையும், அதே எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிற ஆம்போடெரிசினையும் சேர்த்தால், முன்னது பின்னதன் பிடிமானத்தை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. எது எதோடு சேரும் என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அத்தை போன் செய்த அன்று ராத்திரி நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆராய்ச்சி செய்த நாளிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. என் தட்டில் வேலை செய்த எண்ணெய் அளவு மில்லிலிட்டருக்கு 62.5 மைக்ரோகிராம். கலக்காத கிராம்பு எண்ணெயில் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சத்து 50 ஆயிரம் மைக்ரோகிராம். கிட்டத்தட்ட 17 ஆயிரம் மடங்கு. அத்தை தேங்காய் எண்ணெயில் கலந்துதான் வைத்தார். ‘பாதுகாப்பாக’ இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். பத்துச் சொட்டு ஏறத்தாழ 400 மில்லிகிராம் வரும். ஒரு தேக்கரண்டியில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 80 ஆயிரம் மைக்ரோகிராமை ஒட்டி நிற்கும். என் குழியில் இருந்ததைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். பிளாஸ்டிக்கையே அரித்த எண்ணெய், ஏற்கெனவே அரிப்பில் புண்ணாகிக் கிடந்த மென்மையான சவ்வில்.

சரி, அப்படியானால் குடித்துவிட்டால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உள்ளே போன யூஜினாலைக் கல்லீரல் சீக்கிரமே மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். தொற்று இருக்கிற இடத்துக்குத் தட்டில் இருந்த அளவு போய்ச் சேருவதில்லை. அளவைக் கூட்டினால் அடிபடுவது கல்லீரல். கிராம்பு எண்ணெயைக் குடித்துவிட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் செயலிழந்து மயக்கநிலைக்குப் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஒரு சின்னக் குப்பி போதும் அதற்கு. பல்வலிக்கு என்று வீட்டில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

குப்பி என்றதும் இன்னொன்று. ஃப்ளூகோனசோல் மாத்திரை அட்டையில் 150 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே அதுதான் இருக்க வேண்டும். ‘100% இயற்கை’ என்று எழுதிய எண்ணெய்க் குப்பிக்குள் மொட்டு எண்ணெயா, விலை குறைந்த இலை எண்ணெயா, வேறு எண்ணெயில் கலந்ததா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. ஒரே செடியின் எண்ணெய்கூட மண்ணுக்கும் பருவத்துக்கும் பறித்த நாளுக்கும் ஏற்ப மாறும். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் டீ ட்ரீ எண்ணெய் மட்டும் இதில் கொஞ்சம் மேல். அதில் எந்தப் பொருள் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும், எது எவ்வளவுக்கு மேல் கூடாது என்று பன்னாட்டுத் தர அளவு இருக்கிறது. அந்த எண்ணெயும் காற்றுபட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை தரும்.

அதே டீ ட்ரீ எண்ணெயை மனிதர்களிடம் முறையாகச் சோதித்த ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடித்தது. 1998இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எய்ட்ஸ் நோயாளிகள் 13 பேர். எல்லோருக்கும் வாயில் கேண்டிடா, ஃப்ளூகோனசோலுக்கு அடங்காதது. டீ ட்ரீ எண்ணெய் சேர்த்த கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். நான்கு வாரத்துக்குப் பின் கணக்கெடுத்த 12 பேரில் 2 பேருக்குக் குணம், 6 பேருக்கு முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, ஆட்களும் குறைவு. இருந்தாலும் அளவு தெரிந்த கரைசல், எண்ணிக்கை தெரிந்த ஆட்கள், எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்பதும் எழுத்தில் இருக்கிறது. ஃப்ளூகோனசோல் கேட்காமல் கிடந்தவர்கள் அவர்கள்.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனையே நிரூபிக்கப்பட்ட யோசனைதான். கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் மூளையுறையைத் தாக்கும். அதற்கு ஒரே ஒரு தடவை அதிக அளவு ஆம்போடெரிசின், கூடவே ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் இரண்டு வாரம் கொடுக்கும் முறையை, ஆப்பிரிக்காவில் ஐந்து நாடுகளில் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, 2022இல் வெளியிட்டார்கள். அதே வருடம் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. தட்டிலிருந்து மனிதர் வரை நடந்து வந்த கூட்டணி அது. தாவர எண்ணெய்க் கூட்டணிகள் பெரும்பாலும் தட்டிலேயே நின்றுவிட்டன. காலங்காலமாக எல்லோர் வீட்டிலும் இருக்கிற கிராம்புக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பார்ப்பது கடினம் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொதுப்பணத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

ஏனென்றால் தேவை பெரிதாகிக்கொண்டே போகிறது. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரித்த கேண்டிடா ஆரிஸ், சில வருடங்களிலேயே டெல்லி மருத்துவமனைகளில் ரத்தத் தொற்றாகத் தெரிய வந்தது. பெரும்பாலான மாதிரிகளுக்கு ஃப்ளூகோனசோல் கேட்காது. மருத்துவமனைக் கட்டிலிலும் கைப்பிடியிலும் பல நாள் உயிரோடு கிடக்கும். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கென்று முதன்முதலாக ஓர் அபாயப் பட்டியல் போட்டபோது, உச்சப் பிரிவில் இருந்த நான்கில் ஆரிஸும் ஆல்பிகன்ஸும் அடக்கம். வாய்க்கழுவி, பல்செட் கரைசல், குழாய்களுக்கு மேற்பூச்சு என்று உடம்புக்கு வெளியிலோ மேலோட்டமாகவோ பயன்படுத்தும் இடங்களில் எண்ணெயும் மருந்தும் சேர்ந்த தயாரிப்புகள் ஒரு நாள் வரும் என்று நான் மனதார நம்புகிறேன். எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீரில் நிறுத்தி, எரிச்சல் தராத அளவில் மெதுவாக வெளியிட வைக்கும் முயற்சிகள் பல ஆய்வகங்களில் நடக்கின்றன.

அத்தைக்கு வருகிறேன். அன்று காலையே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்கு ‘பிள்ளை பெறுகிற இடத்து டாக்டர்’ என்பதாலேயே இத்தனை நாள் கூச்சம். புண்ணைப் பார்த்த அந்த அம்மா திட்டவில்லை. எரிச்சலுக்கு மருந்து போட்டுவிட்டு, “சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். அத்தை பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாபாகிளிஃப்ளோசின். ஆறேழு மாதமாகச் சாப்பிடுகிறார்.

எனக்கு அங்கேயே உறைத்தது. அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் வரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற அருமையான மருந்து. இந்தியாவில் 2020 அக்டோபரில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் நிறையப் பேருக்குக் கிடைக்கிறது. ஆனால் சிறுநீர் இனித்தால் அந்தப் பாதையில் குடியிருக்கும் ஈஸ்ட்டுக்கு விருந்து. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அந்த மாத்திரையின் எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, சர்க்கரை மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார் டாக்டர். அவர் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

இன்னொரு காரியமும் செய்தார். பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். நான்கு நாள் கழித்து வந்த முடிவு, கேண்டிடா கிளாப்ராடா. இப்போது இதற்கு வேறு பேரினப் பெயரும் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் இனம் இது, இயல்பிலேயே ஃப்ளூகோனசோலுக்குச் சரியாக அடங்காது. ஆறு மாதமாக அத்தை வாங்கிப் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் தப்பான பூட்டில் போட்ட சாவி. பிறப்புறுப்புக்குள் வைக்கும் போரிக் அமிலக் கேப்சூலை இரண்டு வாரத்துக்கு எழுதினார் டாக்டர். வாயில் போட்டுவிடக் கூடாது, அது நஞ்சு என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். கேட்டது. அதற்குப் பின் அத்தைக்குத் திரும்ப வரவில்லை.

அரிப்பும் வெள்ளைப்படுதலும் எல்லாம் கேண்டிடாவும் ஆகாது. பாக்டீரியாவாலும் ஒட்டுண்ணியாலும் வரும், மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. வருடத்தில் மூன்றாவது தடவை வந்தால், ஒரு மாத்திரை போட்டும் அடங்கவில்லை என்றால், கர்ப்பமாக இருந்தால், மருந்துக் கடையோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள், கல்ச்சர் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஃப்ளூகோனசோலைச் சொந்தமாக வாங்கிப் போடவே கூடாது. வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுவிடும்.

அத்தைக்குக் குணமாகிச் சில மாதம் கழித்து எனக்கு ஓர் ஆசை வந்தது. அவரிடம் கேட்டேன். “அந்தக் கிருமிய வச்சு நான் ஒரு தடவை பார்க்கட்டுமா அத்தே?” பேர் எதிலும் வராது என்று உறுதி சொன்னபின் சரி என்றார். மருத்துவரிடமும் சொல்லி, கல்ச்சரில் வளர்ந்ததைக் கிளிசராலில் உறையவைத்து வாங்கிக்கொண்டேன். 2022இல் என் பழைய வழிகாட்டி இரண்டு வாரம் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். அதே கிராம்பு எண்ணெய், அதே ஃப்ளூகோனசோல், அதே 96 குழிகள், ஒட்டுத்தாள், நீலச் சாயம்.

மூன்று தட்டு போட்டேன், மூன்றும் ஒரே மாதிரி வந்தன. ஃப்ளூகோனசோல் 64இலிருந்து 32க்கு இறங்கியது. எண்ணெய் 500இலிருந்து 125. பாதியும் காலும், 0.75. நீலம் வலது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் தள்ளி நின்றுகொண்டது, நடுவில் முழுக்க இளஞ்சிவப்பு. வாய்ப்புண் கிருமியிடம் அவ்வளவு அழகாக வேலை செய்த ஜோடி, அத்தையின் கிருமியிடம் அசையவில்லை.

தட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பவை என்று விளக்கினேன்.

“அப்ப அன்னைக்கு நான் எரிச்சலப் பொறுத்துக்கிட்டு வச்சிருந்தாலும் கேட்டிருக்காதா?”

“இந்த அளவுல கேட்டிருக்காது அத்தே. நீங்க வச்ச அளவுக்கு அதுவும் செத்திருக்கும், உங்க சவ்வும் செத்திருக்கும்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு குழியாக எண்ணிக்கொண்டிருந்தார்.